மகன் வைத்துவிட்டுப் போன சீசா

திருமயம்
9.10.2023

வெற்றி அப்பாவுக்கு,

வணக்கம். 'நான் இங்கு சுகமாக இருக்கிறேன்' என்று தொடங்கத்தான் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தேன். இப்போது அந்த வரி எனக்கு எழுத வரவில்லை. சாப்பிடுகிறேன். பிரஷர் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். வாசல் தெளிக்கிறேன், கோலம் போடுவதில்லை. என் சேதி இவ்வளவுதான்.

நேற்று மீன் வண்டி நாகராசு வந்து வாசலில் நின்றான். "டீச்சர், ஃப்ரிட்ஜுல இருக்க சீசாவ வாங்கிட்டு வரச் சொன்னாரு அண்ணன்" என்றான். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் எல்லாம் போட்டுத் தயாராகத்தான் வந்திருந்தான். "எந்தச் சீசாப்பா?" என்று தெரியாதவள் போலக் கேட்டேன். "தம்பி செஞ்சு வச்ச ஜவ்வரிசியாம்ல" என்றான். ஒரு டம்ளர் காப்பி கொடுத்து வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். அவன் மேல் கோபப்படாதீர்கள்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். அன்றைக்கு ஆவணி மாதத்தில் நீங்கள் போன் செய்த பிறகு, மணி அடித்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். எடுப்பதில்லை. உங்கள் பெயர் வந்தால் அந்த அறையை விட்டே போய்விடுகிறேன். எழுத்து என்றால் படித்துப் பாதியில் மடித்து வைக்கலாம். குரலை மடிக்க முடியாது.

அது ஜவ்வரிசி இல்லை. உங்களுக்கும் வெற்றி சொல்லியிருப்பான், நீங்கள் குட்டைக்குக் காற்றடிக்கும் ஏரேட்டர் சத்தத்தில் கேட்டிருக்க மாட்டீர்கள். நம் பண்ணைக் குட்டையில் நோயில்லாமல் நன்றாக வளர்ந்த இறாலின் குடலிலிருந்து ஒரு நல்ல நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தான். அதை மற்ற இறாலுக்கும் கொடுத்தால் அவையும் நோயைத் தாங்கும் என்பது அவன் கணக்கு. ஆனால் சும்மா தீவனத்தில் கலந்து போட்டால் பாதி தண்ணீரில் போய்விடும், மீதி இறாலின் வயிற்றுச் சாற்றில் செத்துவிடும். குடல் வரைக்கும் உயிரோடு போய்ச் சேராது. அதற்காகத்தான் கடற்பாசி மாவில் கலந்து, ஊசியால் சொட்டுச் சொட்டாகக் கால்சியம் உப்புத் தண்ணீரில் விட்டு உருண்டையாக்கினான். நம் அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் செய்தான். "பூந்தி தேய்க்கிற மாதிரி இருக்குடா" என்றேன். "பூந்தி எண்ணெயில பொரியும், இது தண்ணியில பொறக்குதும்மா" என்றான். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்தும் ஒரு உருண்டைகூடக் கரையவில்லை. எனக்குப் போட்டுக் காட்டினான்.

வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன். மழை நாளில் பிள்ளைகள் புத்தகத்தைப் பாலிதீன் பையில் சுற்றி எடுத்து வருவார்கள் இல்லையா? வழியெல்லாம் மழை, புத்தகம் நனையாது. வகுப்புக்குள் வந்து பையைப் பிரித்தால் பாடம். இந்த உருண்டையும் அதுதான்.

"மொதல்ல தண்ணியப் பாத்துட்டு வந்துர்றேன், நாளைக்கு எடுத்துட்டுப் போறேன். கீழ்த் தட்டுல வச்சிருக்கேன், பத்திரம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அன்று உங்களிடம் வந்தான். திரும்பும்போது சாலையில் மாடு குறுக்கே வந்தது. சீசா கீழ்த் தட்டிலேயே இருக்கிறது.

பத்திரம் என்று என்னிடம்தான் சொன்னான். தரமாட்டேன்.

சொர்ணவல்லி


மீமிசல்
16.10.2023

சொர்ணவல்லிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. எழுத்து கோணலாக இருக்கும். சிவப்பு மையில் திருத்தாதே.

இங்கே மேற்குக் குட்டையில் இறால் தீவனம் எடுக்கவில்லை. காலையில் நம் ஆள் மலையாண்டி வந்து, "அண்ணே, தட்டுல போட்டது போட்டபடி கெடக்குண்ணே" என்றான். ஒன்றிரண்டைப் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். குடல் கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளை நூல் மாதிரி இருக்கிறது. தண்ணீர் மேல் வெள்ளைக் கழிவு மிதக்கிறது. கடையில் கொடுத்த பொடியை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து ஊற்றினோம். நிற்கவில்லை.

இந்தக் குட்டையில் கிடப்பது வெற்றி விட்ட குஞ்சு. பிளாஸ்டிக் பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, பைத்தண்ணீரும் குட்டைத்தண்ணீரும் ஒரே சூடாகும் வரை இடுப்பளவு தண்ணீரில் நின்றான். "அவுத்துக் கொட்டுடா, நேரமாவுது" என்று சத்தம் போட்டேன். "பையில இருந்தது திடீர்னு வெளிய வந்தா தாங்காதுப்பா" என்றான்.

கடைசியாகக் கரையில் நின்று சொன்னதும் அந்தச் சீசாவைப் பற்றித்தான். "அடுத்த தரம் கொண்டாரேன்ப்பா. மருந்து மருந்துன்னு சொல்லாதீங்க. அது உசுரு" என்றான்.

நீ சொன்ன உதாரணத்தையே நான் சொல்கிறேன். வகுப்புக்கு வந்தும் பையிலிருந்து எடுக்காத புத்தகம் எதற்கு?

அவன் அதை ஃப்ரிட்ஜுக்காகச் செய்யவில்லை. நாகராசு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வருவான்.

ஆத்மநாதன்


திருமயம்
20.11.2023

வெற்றி அப்பாவுக்கு,

நாகராசு வந்தான், போனான். பிறகு ஒரு மாதம் உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. தீபாவளிக்குத் தெருவே வெடித்தது. நான் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு இருந்தேன். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் மட்டும் கொல்லைப் பக்கமாக வந்து, "நானும் இந்த வருசம் பலகாரம் சுடல டீச்சரம்மா" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டிலிருந்து அதிரசம் வாசனை வந்துகொண்டுதான் இருந்தது.

புத்தகத்தைப் பையிலிருந்து எடு என்று எழுதியிருந்தீர்கள். என் உதாரணத்தாலேயே என்னை அடித்துவிட்டீர்கள். உங்கள் பேச்சு எப்போதும் அப்படித்தான். நேராக வந்து விழும், விழுந்த இடம் குழியாகும்.

இதை நான் சொல்லியே ஆக வேண்டும். அன்றைக்கு அவனுக்கு அடைக்கு ஊறப்போட்ட பருப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு போனை எடுத்தேன். "வெற்றி போயிட்டான். வா" என்றீர்கள். அவ்வளவுதான். 'அடிபட்டிருக்கிறது, அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்கு வா' என்று சொல்லியிருக்கலாம். பொய்தான். ஆனால் அந்தப் பொய்யோடு பஸ் ஏறியிருப்பேன். அறந்தாங்கி வரும் வரைக்குமாவது எனக்கு ஒரு பிள்ளை இருந்திருப்பான். அந்த வழியைக்கூட எனக்கு நீங்கள் விட்டுவைக்கவில்லை. கசப்பு மாத்திரைக்கே மேலே இனிப்புப் பூசித்தானே தருகிறார்கள்?

காரியம் முடிந்த மறுநாளே பண்ணைக்குக் கிளம்பினீர்கள். "இன்னும் ரெண்டு நாள் இருங்களேன்" என்று கேட்டேன். "எறாலுக்குத் தெரியுமா கருமாதி?" என்று செருப்பை மாட்டினீர்கள். சுற்றியிருந்த உறவுக்காரர்கள் அதைக் கேட்டார்கள். பரவாயில்லை. நானும் கேட்டேன்.

அவன் கையால் உருட்டியது இந்த உலகத்தில் அது ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது. சட்டைகள் இருக்கின்றன, செருப்பு இருக்கிறது. அவை உயிரில்லை. கொடுத்துவிட்டால் நாளைக்கு ஒரு இறால் தின்றுவிடும், அந்த இறாலை எங்கோ யாரோ தின்றுவிடுவார்கள். பிறகு நான் எதைத் திறந்து பார்ப்பேன்?

கவலைப்பட வேண்டாம், முன்னைவிடப் பத்திரமாகவே வைத்திருக்கிறேன். கீழ்த் தட்டில் இருந்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடு படுகிறது. மழையால் மின்சாரம் வேறு போவதும் வருவதுமாக இருக்கிறது. அதனால் சீசாவை மேலே ஐஸ் அறைக்கு மாற்றிவிட்டேன். கரண்ட் போனால் எடுத்துத் தொட்டுப் பார்ப்பேன். கொஞ்சம் இளகியிருக்கும். வந்ததும் மறுபடி கல்லாக இறுகிவிடும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

மழையில் நனைந்துகொண்டு கரையில் நிற்காதீர்கள். உங்களுக்கு நெஞ்சுச்சளி சீக்கிரம் பிடிக்கும்.

சொர்ணவல்லி


மீமிசல்
11.12.2023

சொர்ணவல்லிக்கு,

மேற்குக் குட்டையை அவசர அறுவடை பண்ணிவிட்டோம். இறால் விரல் நீளம்கூட இல்லை. வந்த விலைக்குப் போனது. வலையை இழுக்கும்போது மலையாண்டி அழுதான். "ஏன்டா?" என்றேன். "தம்பி விட்ட குஞ்சுண்ணே" என்றான். குட்டையைக் காயப் போட முடியவில்லை, மழை.

போன் விஷயம் எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் கீழே நின்று வார்த்தை தேடினேன். ரொம்ப நேரம் தேடினேன். எனக்கு அதுதான் கிடைத்தது. எங்கள் ஐயா இறந்ததையும் என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். வேறு விதமாகச் சொல்லலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அறந்தாங்கி வரைக்கும் என்று நீ எழுதின பிறகுதான் புரிந்தது. அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன்.

கருமாதிக்கு மறுநாள் கிளம்பினதற்கும் காரணம் உண்டு. தீவனம் இல்லாவிட்டால் இறால் ஒன்றையொன்று தின்னும். அதைத்தான் சொல்ல வந்தேன். வாயில் வேறு மாதிரி வந்தது.

போன வாரம் காவ்யா வந்தது. காரைக்குடியில் வெற்றியோடு ஆய்வு பண்ணின பெண். கரை வழுக்குகிறது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தது. அவர்கள் ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்த அந்த நுண்ணுயிரியின் மூல வித்து கெட்டுப்போய்விட்டதாம். வெற்றி இல்லாமல் அதைக் கவனிக்க ஆளில்லையாம். அந்தச் சீசா ஒன்றுதான் மிச்சம் என்றது. ஒரே ஒரு உருண்டையில் உயிர் இருந்தால் போதுமாம், தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி அதிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் வளர்த்துவிடலாமாம். அவன் பெயரிலேயே அந்த ஆய்வை முடித்துத் தருகிறேன் என்றது.

நீ ஐஸ் அறையில் வைத்திருக்கிறாய் என்று சொன்னேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, "ஆன்ட்டி பத்திரமாத்தான் வச்சிருப்பாங்க" என்றது.

நான் இனிமேல் கேட்க மாட்டேன். சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

அவனுடைய ரப்பர் பூட்ஸ் மோட்டார் கொட்டகையில் இருக்கிறது. ஒன்றுக்குள் தவளை குடியிருக்கிறது. நான் தட்டிவிடவில்லை.

ஆத்மநாதன்


திருமயம்
22.1.2024

அன்புள்ள வெற்றி அப்பாவுக்கு,

பொங்கல் நாங்கள் வைக்கவில்லை. 'நாங்கள்' என்று எழுதிவிட்டேன் பாருங்கள். வீட்டில் நான் ஒருத்திதான். அடிக்காமல் விடுகிறேன்.

ஒரு சின்ன விஷயம் நடந்தது. கார்த்திகையில் ஒரு நாள் பிச்சையம்மாள் கிண்ணத்தோடு வந்து, "ஒறைக்கு ஒரு கரண்டி மோரு குடுங்க டீச்சரம்மா" என்று வாங்கிப் போனாள். நான் மறந்தே போய்விட்டேன். போன வாரம் என் வீட்டுத் தயிர் கெட்டு நூல் விட்டது. கொட்டிவிட்டேன். உறைக்கு அவளிடம்தான் போய் நின்றேன். ஒரு கரண்டியை ஊற்றிக்கொண்டே, "இது ஒங்க மோருதான் டீச்சரம்மா. அன்னைக்கு வாங்குனத விடாம ஓட்டிக்கிட்டு இருக்கேன். ஒங்களுக்கே திரும்பி வருது பாருங்க" என்று சிரித்தாள்.

கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் கொல்லையிலேயே நின்றிருந்தேன். என் வீட்டில் பத்திரமாக வைத்திருந்தது கெட்டுப்போனது. கொடுத்தது அவள் வீட்டில் உயிரோடு இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவளுக்குப் பிச்சையம்மாளின் கிண்ணம் வந்து சொல்ல வேண்டியிருந்தது என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, மோர்தான் ஊற்றினாள். மீதி நானாக நினைத்துக்கொண்டது.

சீசாவை நாகராசுவிடம் கொடுத்துவிட்டேன். பெட்டிக்குள் நானே ஐஸை அடுக்கினேன். அவன், "டீச்சர், வஞ்சிர மீனுக்குக்கூட இம்புட்டு ஐஸு வைக்க மாட்டோம்" என்றான். வண்டி பெருமாள் கோயில் பக்கம் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விடும்போது அம்மாக்கள் கேட்டுக்கு வெளியே நிற்பார்களே, எத்தனை பேரை 'போங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்' என்று விரட்டியிருக்கிறேன். என்னை விரட்ட ஆளில்லை.

உங்களுக்கும் காவ்யாவுக்கும் எப்படிப் பங்கு என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள். தீவனத்தில் கலக்கும்போது கையால் பிசையாதீர்கள், மெதுவாகப் புரட்டுங்கள்.

ஒரு திருட்டுத்தனம் செய்திருக்கிறேன். ஒரு கரண்டி மட்டும் எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் மூடி ஐஸ் அறையிலேயே வைத்துக்கொண்டேன். அதை மட்டும் கேட்காதீர்கள்.

நெஞ்சுச்சளிக்குத் தூதுவளைப் பொடி வைத்து அனுப்பியிருக்கிறேன். சாப்பிடுங்கள்.

சொர்ணம்


மீமிசல்
19.2.2024

அன்புள்ள சொர்ணத்துக்கு,

நான் நலம். தூதுவளைப் பொடி சாப்பிடுகிறேன். சளி இல்லை.

பெட்டி பத்திரமாக வந்தது. உனக்கு உடனே எழுதாததற்குக் காரணம், நல்ல சேதியாக எழுதலாம் என்று காத்திருந்தேன். இப்போது எழுதுகிறேன். உருண்டைகள் எல்லாம் நன்றாக இருந்தன. காவ்யாவிடம் கொஞ்சம் கொடுத்தேன். அது ஆய்வுக்கூடத்தில் போட்டுப் பார்த்தது. எல்லாம் உயிரோடு இருக்கிறதாம். நன்றாக முளைத்துப் பூத்திருக்கிறதாம். ரொம்பச் சந்தோஷப்பட்டது. உன்னிடம் சொல்லச் சொன்னது.

மீதியைத் தீவனத்தில் கலந்து குட்டையில் போட்டேன். தையில் புதுக்குஞ்சு விட்டிருக்கிறேன். நீ சொன்ன மாதிரி மெதுவாகத்தான் புரட்டினேன். காலை நேரம், காற்று இல்லை. தண்ணீரில் விழுந்ததும் உருண்டைகள் பால் மாதிரிக் கரைந்து பரவின. பார்க்க அழகாக இருந்தது. மலையாண்டி கையெடுத்துக் கும்பிட்டான்.

இறால் நன்றாகத் தீவனம் எடுக்கிறது. குடல் கறுப்பாக இருக்கிறது. வெள்ளைக் கழிவு இல்லை. வெற்றி செய்தது வீண் போகவில்லை சொர்ணம். நீ பத்திரமாக வைத்திருந்ததால்தான் இது நடந்தது. இனிமேல் நீ நிம்மதியாக இருக்கலாம்.

தவளை போய்விட்டது. பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆத்மநாதன்


திருமயம்
4.3.2024

அன்புள்ள வெற்றி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்ததும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். பிச்சையம்மாளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அன்று சாயந்தரம் கொஞ்சம் சேமியா பாயசம்கூட வைத்தேன். ஆறு மாதத்தில் இந்த வீட்டில் இனிப்பு செய்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் மறுபடியும் படித்தேன். விடைத்தாளை இரண்டாம் தடவை பார்க்கும் பழக்கம் எனக்கு. 'அழகாக இருந்தது' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து எதையும் நீங்கள் அழகு என்று சொல்லி நான் கேட்டதில்லை. வெற்றி பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்து, "மூக்கு ஒங்க அப்பா மூக்கு" என்று மட்டும்தான் சொன்னீர்கள். அதற்கு முந்தின வரிக்குப் போனேன். 'பால் மாதிரிக் கரைந்து பரவின.'

அவை தண்ணீரில் கரையக் கூடாது. இறாலின் குடலுக்குப் போய்த்தான் திறக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த உறையே. என் கண் முன்னால் நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் முழுசாகக் கிடந்தவை அவை.

ஐஸ் அறையிலிருந்து என் கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐஸ் உருக உருக உருண்டைகள் அமுங்கின. விரலால் தொட்டேன். முத்து மாதிரி நின்றவை கஞ்சியாகிவிட்டன.

எட்டாம் வகுப்புக்கு வருஷம் தவறாமல் ஒரு செய்முறை காட்டுவேன். கண்ணாடிச் சீசாவில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, வீட்டு ஐஸ் அறையில் வைப்பேன். மறுநாள் வெடித்த சீசாவைத் துணியில் சுற்றி வகுப்புக்கு எடுத்துப் போவேன். 'தண்ணீர் உறையும்போது பெருக்கும், தன்னை அடைத்து வைத்ததை உடைக்கும்' என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். வெற்றியும் அந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்டவன்தான். அந்தச் சீசாக்களை வைத்ததும் இதே ஃப்ரிட்ஜில்தான். அவனுடைய உருண்டைகளும் தண்ணீர்தானே? மின்சாரம் போகப் போக இளகி, வர வர இறுகி, ஒவ்வொரு தடவையும் உள்ளே உடைந்துகொண்டிருந்திருக்கின்றன. நான் தொட்டுப் பார்த்து, இறுகிவிட்டது என்று நிம்மதிப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு போனை எடுத்தேன். ஆமாம், நானேதான். காவ்யாவைக் கூப்பிட்டேன். "ஒண்ணும் முளைக்கலதானே?" என்று கேட்டேன். அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டது.

"அங்கிள் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு ஆன்ட்டி. பெட்டிய மடியில வச்சுக்கிட்டு பஸ்லயே வந்தாரு. தட்டுல போட்டுட்டு, முளைக்க நாளாகும், ஊருக்குப் போங்க அங்கிள்னு சொன்னேன். போனவரு மறுநாள் காலையில திரும்ப வந்து வாசல்ல நிக்கிறாரு. தெனமும் வந்தாரு ஆன்ட்டி. கடைசியில ஒண்ணும் வரலன்னு சொன்னதும், 'வேற தட்டுல போட்டுப் பாரும்மா'ன்னாரு. அதுலயும் வரல. அப்பறம்தான் கேட்டாரு, 'நல்லா இருந்தா எப்படிம்மா சொல்லுவீங்க? முளைச்சுச்சுன்னா, பூத்துச்சுன்னா?' நான் சொல்லச் சொல்ல பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிக்கிட்டாரு."

இந்த வயதில் எனக்காகப் பொய் சொல்லப் பாடம் கற்றிருக்கிறீர்கள்.

'அறந்தாங்கி வரைக்குமாவது' என்று நான்தான் எழுதினேன். நீங்கள் அதை மறக்கவில்லை. இந்தத் தடவை எனக்கு ஒரு வழியைக் கொடுத்தீர்கள். பாயசம் வைத்த அந்த ஒரு சாயந்தரம் முழுக்க என் பிள்ளையின் கைவேலை உயிரோடு இருந்தது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன். ஆனால் நீங்கள் சுற்றிய உறையும் அந்த உருண்டை போலத்தான், போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முன்பே கரைந்துவிட்டது. உங்களுக்கு அந்த வேலை வராது.

காவ்யா ஒன்று சொன்னது. வெற்றி அந்த நுண்ணுயிரியை எடுத்தது நம் குட்டை இறாலின் குடலிலிருந்துதானே, மறுபடி தேடிப் பார்க்கிறேன் என்றது. "கிடைக்குமா?" என்றேன். "தெரியல ஆன்ட்டி. ஆனா கிடைச்சாலும் அது வேறதான்" என்றது. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. நல்ல பெண். அது வந்து கேட்டால் இறால் பிடித்துக் கொடுங்கள்.

கிண்ணத்தில் இருந்ததை நான் கொட்டவில்லை. கொல்லையில் முருங்கைக்கடியில் ஊற்றி மண்ணை மூடினேன். நீங்களும் உங்களிடம் இருந்ததைக் குட்டையில்தான் விட்டிருக்கிறீர்கள், அதில் பொய் இல்லை. மலையாண்டி கும்பிட்டதிலும் பொய் இருக்காது.

நான் இன்னும் அழவில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? அன்றைக்கு உங்கள் குரலைக் கேட்டதிலிருந்து உள்ளே எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. ஊரே அழுதபோதும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதையும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்த அன்று காலைத் தீவனம் போட்டு முடித்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள். மணி அடித்தால் எடுப்பேன். நலம் விசாரிக்க வேண்டாம், தூதுவளைப் பொடியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். உங்கள் வழக்கப்படி நேராகச் சொல்லுங்கள். 'ஒண்ணும் முளைக்கல, சொர்ணம்' என்று உங்கள் குரலில் நான் கேட்க வேண்டும்.

சொன்ன பிறகு போனை வைத்துவிடாதீர்கள். நான் பேசாவிட்டாலும், வேறு சத்தம் கேட்டாலும், வைக்காமல் அப்படியே இருங்கள்.

சொர்ணம்